மொர்தூரை நிறுவியவர்

ஒரு கடிதத்தில் பிழை திருத்திக் கொடுப்பதற்காகத்தான் அருள்நேசன் அந்த மாடிப்படிகளில் ஏறினார். பாரிஸின் லா சப்பலில் ஒரு புடவைக்கடைக்கு மேலே ஞாயிறுதோறும் கூடும் மேற்றிசைத் தமிழ்த் தொன்மை ஆய்வு மன்றம், மண்டபம் கேட்டு மெறிக்கு, அதாவது நகரசபைக்கு, எழுதிய கடிதம் அது. கொஞ்ச நேரத்தில் கடிதம் சரியாகிவிட்டது. ஆனால் படியிறங்கும்போது அவர் மன்றத்தின் மேற்கு மண்டலத் தலைமை ஆய்வாளராகி இருந்தார்.

அவருடைய உண்மையான வேலை காப்புறுதி நிறுவனம் ஒன்றில். உடைந்த கார்க்கண்ணாடி, மேல்வீட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் என்று வரும் முறைப்பாடுகளைப் படித்து, எது மெய், எது பொய் என்று பிரிப்பார். "எனக்கு வரலாறு தெரியாதே அண்ணை" என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

மன்றத் தலைவர் தவரத்தினம் கேட்கவில்லை. நகைக்கடை முதலாளி. ஆய்வுச் செம்மல் என்ற பட்டம் பெற்றவர். பட்டத்தை வழங்கியது மன்றம். வழங்குவதென்று முடிவெடுத்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

"வரலாறு எங்களிட்டை இருக்குத் தம்பி. பிரெஞ்சுதான் இல்லை" என்றார் அவர்.

மன்றத்தின் நோக்கம் எளிமையானது. பிரான்சின் மேற்கே உள்ள சிறு நகரங்களை நிறுவியவர்கள் தமிழர்கள் என்று நிறுவ வேண்டும். நிறுவுவது என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஊரை உண்டாக்குவது ஒன்று, ஆதாரத்தோடு மெய்ப்பிப்பது மற்றது. மன்றம் இரண்டையும் ஒரே வேலையாக எடுத்துக்கொண்டுவிட்டது.

ஏன் சிறு நகரங்கள் என்று அருள்நேசன் ஒருமுறை கேட்டார். செயலாளர் ராதாகிருஷ்ணன் பொறுமையாக விளக்கினார். "பெரிய நகரத்திலை கை வைச்சால் கேள்வி கேட்பினம். பேராசிரியர், நூதனசாலை, அது இதெண்டு வருவினம். சின்ன ஊரிலை ஆர் இருக்கினம்? பேக்கரிக்காரனும் பாதிரியும். அவைக்கும் நேரமில்லை."

கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. முதலில் விளக்கேற்றல். நிஜ விளக்கின் புகைக்கு ஒருமுறை தீ அபாய மணி அடித்துப் புடவைக்கடை முழுவதும் தெருவில் நின்றதால், இப்போது மின்கலத்தில் எரியும் குத்துவிளக்கு. பிறகு, இன்னும் கண்டுபிடிக்கப்படாத நிறுவனர்களுக்காக ஒரு நிமிட மௌனம். பிறகு வரவேற்புரை, வரவேற்புரை ஆற்றியவருக்குப் பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்கு நன்றியுரை. ஆய்வுக்கு நேரம் மிஞ்சினால் ஆய்வு. தலைவரின் மகள் கஜனி மூலையில் கணினியோடு இருந்து படங்களைத் திரையில் ஓடவிடுவாள். பாரிஸில் பிறந்தவள், சட்டத்தரணி அலுவலகம் ஒன்றில் வேலை. தகப்பன் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அதையும் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஒரு ஞாயிறு திரையில் ஒரு நிலப்படம் வந்தது. தவரத்தினம் கோலால் ஒரு புள்ளியைத் தொட்டார்.

"மொர்தூர்" என்றார். சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "ஊர் எண்டு முடியுது. ஊர் எண்டு முடியிற ஊர் ஆரின்ரை ஊர்? மொர்தூர் ஆர் சொன்னது? வெள்ளைக்காரன்ரை வாய்க்கு மருதூர் எண்டு வருமோ? வராது. ஆகவே மருதூர். மருதூரை நிறுவினவன் மருதன். ஆள் வணிகன். கப்பலிலை வந்தவன்."

கைதட்டல் எழுந்தது. அருள்நேசன் கையை உயர்த்தினார். "ஆதாரம், அண்ணை?"

"ஆதாரம் எண்டது கலியாணச் சாப்பாடு மாதிரித் தம்பி. நாள் வைச்ச பிறகுதானே அடுப்பு மூட்டுறது. நாள் நாங்கள் வைச்சாச்சு. நீர் போய் மூட்டும்."

அப்படித்தான் அருள்நேசன் மொம்பர்நாஸில் ரயிலேறி, பிறகு ஒரு பேருந்து மாறி, மொர்தூரில் இறங்கினார். மழை தூறிக்கொண்டிருந்தது. தபாலகம் மூடியிருந்தது. அதன் கதவில், இனித் திறக்காது என்ற அறிவித்தல் வெயிலில் வெளுத்து, மழையில் ஊறி, பாதி கிழிந்து தொங்கியது. ஊருக்கு வெளியே கோழி வெட்டும் தொழிற்சாலை ஒன்றுதான் புகைவிட்டுக்கொண்டிருந்தது.

மேயர் மாக்சிம் அவரை வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். ஊரின் வரலாற்றுச் சங்கத் தலைவரும் அவரே. மற்ற இரண்டு உறுப்பினர்களும் அடுத்தடுத்து இறந்துவிட்டதால் சங்கத்தில் இப்போது கருத்து வேறுபாடே கிடையாது என்றார்.

"எங்கள் ஊரை நிறுவியவர் ஒரு துறவி. கல் தோணியில் கடல் கடந்து வந்தார்" என்றார் மேயர்.

"கல் மிதக்குமா?"

"அதனால்தான் அவர் புனிதர்."

அருள்நேசன் தயங்கித் தயங்கி மருதனைப் பற்றிச் சொன்னார். சிரித்துத் துரத்திவிடுவார், மாலை ரயிலில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தார். மேயரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவரைக் கும்பிட எத்தனை பேர் வருவார்கள்?"

"ஒரு பேருந்து... இரண்டும் வரலாம்."

"திரு. அருள்நேசன், ஓர் ஊருக்கு நிறுவனர் ஒருவர் என்றால் அது வரலாறு. இரண்டு பேர் என்றால் சுற்றுலா. எங்கள் துறவி கோபிக்க மாட்டார். முப்பது வருடமாக அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. வரும் மார்ச்சில் தேர்தல் வேறு."

மேயர் அவரைத் தேவாலயத்துக்கு அழைத்துப் போய், சுவரில் ஒரு கல்லைக் காட்டினார். கல்லில் ஆழமாக மூன்று கீறல்கள். அருள்நேசன் படமெடுத்து அனுப்பிய மறுநிமிடமே தலைவரின் குரல் வந்தது. "மகரம்! தம்பி, அது மகரம்! ம! மருதன்ரை ம!"

மருதனுக்கு மன்றம் வைக்க விரும்பிய நினைவுக்கல்லுக்கு மேயர் காட்டிய இடம் மயானத்தின் வாசலோரம். "பொதுநிலம்" என்றார். "உரியவர் இல்லாத ஏழைகளை நகரசபைச் செலவில் புதைப்போம். ஐந்து வருடத்துக்குப் பிறகு எலும்பை எடுத்துப் பொதுக்குழியில் போட்டுவிடலாம். இந்த மூலையில் ஒன்றுதான் பாக்கி. தவணை முடிந்துவிட்டது."

அந்த ஒன்றின் பக்கத்தில் ஒரு பெண் குந்தியிருந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். மரச்சிலுவையில் எழுதியிருந்த பெயரை அருள்நேசன் வாசித்தார். பிறகு ஒருமுறை வாசித்தார்.

கீர்த்தனன்.

"நீங்கள் அவனுடைய ஆளா?" என்று அந்தப் பெண் எழுந்து கேட்டாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அவள் பெயர் தெரேஸ். கோழித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். கீர்த்தனன் அவளுக்கு அடுத்து நின்று கோழி துண்டாக்கியவன். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் இருந்தவன். பனிமூட்டமான ஒரு காலையில், வேலைக்கு மிதிவண்டியில் வந்தபோது லொறி அடித்துவிட்டது. ஆள் தேடி ஒருவரும் வரவில்லை. "உங்கள் ஆட்கள் எரிப்பார்களாமே? எங்களுக்கு அது தெரியாது. தெரிந்தது இதுதான்" என்று அவள் சிலுவையைக் காட்டினாள், மன்னிப்புக் கேட்பதுபோல.

போகும்போது ஒன்று சொன்னாள். "தேவாலயக் கல்லைப் படமெடுத்தீர்களாமே? என் அப்பா அதில்தான் கத்தி தீட்டுவார்."

லா சப்பலுக்குத் திரும்பியதும் அருள்நேசன் கடைகடையாக விசாரித்தார். பக்கத்துத் தெருவான மார்க்ஸ் டோர்மோயில் ஓர் உணவகத்தின் பின்கதவில், கோப்பை கழுவும் மயூரன் என்ற வன்னிப் பெடியன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "கீர்த்தி அண்ணையோ? என்னோடை ஒரே அறையிலை இருந்தவர். இஞ்சை வேலை இல்லாமல் அங்கை போனவர். அவர் செத்ததே எனக்கு ஒரு வருசம் கழிச்சுத்தான் தெரியும்" என்றவன், கீர்த்தனனின் தாயுடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தான்.

தாய் பெயர் ஞானம்மா. இலங்கையில், புதுக்குடியிருப்பில் இருந்தார். மகன் இறந்தது தெரியும், எங்கே கிடக்கிறான் என்று தெரியாது. அருள்நேசன் அனுப்பிய படத்தை வெகுநேரம் பார்த்திருப்பார் போல. பிறகு தொலைபேசி எடுத்தார்.

"மூத்தவனை முள்ளிவாய்க்காலிலை விட்டிட்டு வந்தனான் தம்பி. அவனுக்கு எந்த இடமெண்டு இல்லை. இவனுக்காவது ஒரு இடம் இருக்கு. அந்தப் புல்லுப் பிடுங்கிற பிள்ளைக்குச் சொல்லுங்கோ, நான் கும்பிட்டனான் எண்டு." கொஞ்சம் நிறுத்தி, "அந்த இடம் அப்பிடியே இருக்கும்தானே?" என்றார்.

"ஓம் அம்மா" என்றார் அருள்நேசன். அப்போது அது பொய்.

அடுத்த ஞாயிறு அவர் மன்றத்தில் எழுந்து நின்றார். "மொர்தூரிலை உண்மையாவே ஒரு தமிழன் இருக்கிறான் அண்ணை. மண்ணுக்குள்ளை."

சபை நிமிர்ந்தது. ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தவரத்தினம் மேசையைப் பிடித்தபடி எழுந்தார். "எத்தினையாம் நூற்றாண்டு?"

"இந்த நூற்றாண்டு அண்ணை. ஆறு வருசத்துக்கு முந்தி."

எழுந்த தலைவர் மறுபடி அமர்ந்தார். போட்ட கண்ணாடி கழன்றது. அருள்நேசன் முழுவதையும் சொன்னார். கோழித் தொழிற்சாலை, மிதிவண்டி, தாய். மன்றம் மெறிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினால் போதும், நினைவுக்கல்லை நாலு அடி தள்ளி வைக்கலாம் என்றார்.

"தம்பி" என்றார் தவரத்தினம், நோயாளியோடு கதைக்கும் குரலில். "மனவருத்தமான விசயம்தான். ஆனால் இது வரலாறு இல்லை. இது செய்தி. அதுவும் பழைய செய்தி. ஆயிரம் வருசம் கழிச்சு வந்து சொல்லும், மன்றம் பரிசீலிக்கும்."

ராதாகிருஷ்ணன் இன்னும் நடைமுறையானவர். "அகதியா வந்து கோழி வெட்டினவன் எண்டு அங்கை ஒரு கல்லு நிண்டால், எங்கள் எல்லாரையும் அகதியா வந்த ஆக்கள் எண்டெல்லோ நினைப்பினம்?"

எல்லோரும் தலையசைத்தார்கள். அந்த மண்டபத்தில் அகதியாக வராதது ஒலிவாங்கி ஒன்றுதான். அது சீனாவிலிருந்து முறையான பத்திரங்களோடு வந்தது. மூலையில் கஜனி மட்டும் கணினியிலிருந்து தலையைத் தூக்கி அருள்நேசனைப் பார்த்தாள்.

அவர் மேயரைத் தொலைபேசியில் பிடித்தார். மேயர் மிகவும் வருந்தினார். விதி என்னவென்றால், உறவினர் நேரில் வந்து கேட்டால் குழியை வைத்திருக்கலாம். வராவிட்டால் அது கைவிடப்பட்ட குழி.

"தாய்க்கு விசா கிடைக்காதே!"

"அது வேறு அமைச்சு."

"மருதனுக்காக ஒருவரும் கேட்கவில்லையே, அவருக்கு மட்டும் எப்படி நிரந்தர இடம்?"

"அவருக்கு உடல் இல்லையே" என்றார் மேயர், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "உடல் இருந்தால் சுகாதார விதி, தவணை விதி, எல்லாம் வரும். உடல் இல்லாதவர்களை எவ்வளவு காலமும் வைத்திருக்கலாம்."

அடிக்கல் நாட்டு விழா ஒரு சனிக்கிழமை. குழியைத் தோண்டும் வண்டி அடுத்த திங்கள் வருவதாக ஏற்பாடு. பதவியை விட்டுவிட்டு விழாவுக்குப் போகாமல் இருந்துவிட அருள்நேசன் இரண்டு தரம் நினைத்தார். ஆனால் தலைவரின் தமிழை ஊராருக்கும், மேயரின் பிரெஞ்சை மன்றத்தாருக்கும் சொல்ல, வாய் திறக்காத கஜனியை விட்டால் வேறு ஆளில்லை. அவர் போகாவிட்டாலும் திங்கட்கிழமை வரத்தான் போகிறது. போனார்.

லா சப்பலிலிருந்து இரண்டு பேருந்துகள் வந்து நின்றன. பட்டு வேட்டிகள் மொர்தூர்ச் சேற்றில் இறங்கின. ஒலிபெருக்கியில் நாதசுரம் போனது. ஊரார் நூறு பேரளவில் குடையோடு வந்திருந்தார்கள். இலவசச் சாப்பாடு என்று மேயர் அறிவித்திருந்தார். மரச்சிலுவையை மறைத்து மன்றத்தின் பதாகை கட்டப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் தெரேஸ் கறுப்பு மேலங்கியோடு நின்றாள்.

தவரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்தார். மேடையில் அவருடைய தமிழ் வேறு. "அன்றொரு நாள், ஆழிப் பேரலை கடந்து, தன்னந்தனியனாய், ஒரு தமிழன் இந்த மண்ணிலே கால் பதித்தான்!" என்று முழங்கிவிட்டு அருள்நேசனைப் பார்த்தார்.

அருள்நேசன் பிரெஞ்சில் சொன்னார்: "சில வருடங்களுக்கு முன், கடல் கடந்து, தனியாக, ஒரு தமிழன் இந்த ஊருக்கு வந்தான்."

எத்தனை வருடம் என்பதில் மட்டும்தான் கை வைத்தார். முதல் வசனத்தில் அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

"அவன் கைபட்டு இந்த ஊர் எழுந்தது!"

"அவன் உங்கள் தொழிற்சாலையில் வேலை செய்தான். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோழி அவன் கைபட்டு வந்தது."

குடைகளுக்குக் கீழே ஒரு சலசலப்பு. ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார். முன்வரிசையில் கஜனி இருந்தாள். அவளுக்கு இரண்டு மொழியும் தெரியும். அவள் கையிலிருந்த தொலைபேசியை மெல்ல மடியில் வைப்பதை அவர் கண்டார்.

"புரவியேறி அவன் வந்தால் பொழுது விடியும்!" என்றார் தவரத்தினம்.

"பொழுது விடியுமுன் அவன் மிதிவண்டியில் வேலைக்குப் போவான். ஒரு காலை பனிமூட்டத்தில் அவனை லொறி அடித்தது."

"பகைவர் அஞ்சினர்! பாவையர் கண்ணீர் உகுத்தனர்!"

"அவனுக்காக இங்கே அழுதது தெரேஸ் ஒருத்திதான்."

நூறு தலைகள் தெரேஸின் பக்கம் திரும்பின. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற தொழிற்சாலைப் பெண்கள் அவள் தோளைப் பிடித்தார்கள். சனத்தின் கண்களில் நீரைக் கண்ட தவரத்தினத்துக்கு அருள் வந்துவிட்டது. இரண்டு கைகளையும் விரித்து, குரல் உடைய, கத்தினார்: "அவன் சாகவில்லை! இந்த மண்ணிலே வாழ்கிறான்! அவனை அகற்ற எவனால் முடியும்?"

அருள்நேசன் பதாகையை ஒருபக்கம் விலக்கினார். சிலுவை தெரிந்தது. "அவன் பெயர் கீர்த்தனன். இதற்குள் இருக்கிறான். திங்கட்கிழமை நகரசபை அவனை அகற்றப் போகிறது. அவன் தாய் இந்த இடத்தைக் கேட்கிறார்."

எல்லோரும் மேயரைப் பார்த்தார்கள். மேயரும் அவர்களைப் பார்த்தார், ஒவ்வொரு முகமாக, மார்ச் மாதத்தையே பார்ப்பதுபோல. எழுந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

"இப்படியொரு விஷயத்தை என்னிடம் யாரும் சொல்லவில்லை" என்று தொடங்கினார். "மொர்தூர் ஒருபோதும் தன் பிள்ளைகளை மறப்பதில்லை. இந்த இடம் இவருக்கே என்றென்றும் சொந்தம். இவர் பெயரைக் கல்லில் வெட்டுவோம்!"

அருள்நேசன் இதைத் தமிழில் ஒரு சொல் மாற்றாமல் சொன்னார். மன்றத்தார் எழுந்து நின்று கைதட்டினார்கள். தவரத்தினம் மேயரைக் கட்டிப்பிடித்துப் பொன்னாடை போர்த்தினார். பிறகு மகளிடம் குனிந்தார். "பாத்தியே? மருதனுக்கு வெள்ளைக்காரர் அழுகினம். இவர் சரியாத்தானே மொழிபெயர்த்தவர்?"

கஜனி ஒருகணம் அருள்நேசனைப் பார்த்தாள். "ஓம் அப்பா" என்றாள், தமிழிலேயே. "ஒண்டும் பிழையில்லை."

திங்கட்கிழமை வண்டி வரவில்லை. இலையுதிர்காலத்தில் கல் நின்றது. ஊர்ப்பக்கம் பார்த்த முகத்தில் மேயர் வெட்டுவித்த பிரெஞ்சு: கீர்த்தனன், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. மறுமுகத்தில் மன்றம் வெட்டுவித்த தமிழ்: மருதூர் நிறுவிய பெருவணிகன் மருதன். தவரத்தினம் கல்லைச் சுற்றி வந்து பிரெஞ்சை எழுத்துக்கூட்டினார். "இதென்ன, கீர்த்தனன் எண்டு கிடக்கு?"

"கீர்த்தி உள்ளவன் எண்டு ஒரு பட்டம் அண்ணை."

"அதுக்குப் பக்கத்திலை இலக்கம்?"

"பதிவு இலக்கம்."

தலைவர் மகிழ்ந்தார். மன்றத்தின் அந்த வருட மலரில் "கீர்த்தனன் என்னும் பட்டம் பெற்ற மருதன்" என்று தலையங்கம் வந்தது. அருள்நேசனுக்கும் ஆய்வுச் செம்மல் கிடைத்தது. பொன்னாடை கழுத்தை அரித்தது. வேலைத்தலத்தில் எத்தனையோ பேரின் பொய்களைச் சிவப்பு மையால் கோடிட்டவர், இப்போது யாருடைய முறைப்பாட்டையும் மூடுவதற்கு முன் அதிகம் யோசித்தார். அந்தப் பெடியனுக்கு ஓர் இடம் வாங்கிக் கொடுத்தோமா, அவன்மேல் இன்னொருவனைப் புதைத்தோமா என்று அவருக்குத் தெரியவில்லை. வீடிருக்கும் சார்செலுக்குப் போகும் ரயிலில் நின்றபடி இதையே யோசித்துத் தன் தரிப்பிடத்தைத் தவறவிட்டதும் உண்டு.

அடுத்த வருடம் மூன்று பேருந்துகள் போயின. சனம் கல்லுக்கு மாலை போட்டது, கற்பூரம் கொளுத்தியது, பிள்ளைகளைத் தூக்கித் தொட்டுக் கும்பிடவைத்தது. ஒரு பேச்சாளர் மருதனை வணிகனிலிருந்து மன்னனாக உயர்த்தினார். அருள்நேசன் அதைப் பிரெஞ்சில் சொல்லவில்லை. தெரேஸும் தொழிற்சாலைப் பெண்களும் மறுபக்கத்தில் நின்று பூ வைத்தார்கள்.

அவர் எல்லாவற்றையும் படம் பிடித்தார். ஒலியை நீக்கிவிட்டுப் புதுக்குடியிருப்புக்கு அனுப்பினார்.

ஞானம்மா அன்று மாலையே எடுத்தார். "தம்பி, அவ்வளவு சனமும் என்ரை பிள்ளையையோ கும்பிடுது?"

"ஓம் அம்மா."

"அந்தப் பட்டு வேட்டி கட்டின ஐயா விழுந்தெல்லோ கும்பிடுறார். ஏன் தம்பி? அவன் அங்கை அப்பிடி என்ன செய்தவன்?"

அருள்நேசன் வாயைத் திறந்தார். கப்பல், புரவி, மகுடம் என்று ஒரு வருடமாகக் கேட்ட சொற்களெல்லாம் வரிசையில் வந்து நின்றன. அவர் ஒன்றையும் எடுக்கவில்லை.

"வேலை செய்தவர் அம்மா."

"என்ன வேலை?"

"கோழி வெட்டுற வேலை."

"அவ்வளவுதானோ?"

"ஓம் அம்மா. அவ்வளவுதான்."

மறுமுனையில் ஞானம்மா அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

"கோழி வெட்டின பிள்ளைக்கே இவ்வளவு மரியாதை செய்யினம். அவை எவ்வளவு நல்ல ஆக்களாய் இருக்கவேணும், தம்பி. நான் சுகம் கேட்டனெண்டு அந்த ஐயாவுக்குச் சொல்லுங்கோ."